பார்சலோனாவில் ஒரு கால் செருப்பு

சிட்னியின் டூங்கபியில் எங்கள் வாசற்படியில் நாலு சோடி செருப்புக் கிடந்தால் போதும், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இன்றைக்கு உங்கள் வீட்டில் பார்ட்டியா என்று கேட்பார். வருடக்கணக்காகக் கேட்கிறார். இப்போது அங்கே ஒற்றைச் செருப்பொன்று கிடக்கிறது. அதைப் பற்றி மட்டும் மனுசன் வாயே திறப்பதில்லை.

அது சோடியாக இருந்தபோது மகள் துளசி தன் முதற் சம்பளத்தில் தாய்க்கு வாங்கிக் கொடுத்தது. என் மனைவி மலர் அதைப் பெட்டிக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்து, பார்சலோனாப் பயணத்துக்குத்தான் முதன்முதலாகப் போட்டாள். அப்பப்பா, என்ன ஊர் அது! பல்கனிகள் அலையாக நெளிகின்றன. பூங்கா இருக்கைகளில் உடைந்த ஓடுகளால் கோலம் போட்டிருக்கிறார்கள். மலர் கண்ட கடையெல்லாம் ஏறி, டூங்கபி அன்ரிமாருக்கு விசிறிகளாக வாங்கித் தள்ளினாள். பை சுமந்தது யாரென்று சொல்லவும் வேண்டுமா?

ஒரு சந்துக்குள் பழைய தேவாலயம் ஒன்று. நான் கமராவைச் சரிசெய்து நிமிர்வதற்குள் மலர் வெறுங்காலுடன் உள்ளே போய்விட்டாள். அதுமட்டுமா? சோடியாகக் கிடந்தால் எவனாவது மாட்டிக்கொண்டு போய்விடுவான் என்று, ஊர்க்கோயில் வழக்கப்படி ஒன்றை வாசலின் இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் வைத்திருந்தாள்.

திரும்பி வந்தால் இந்தப் பக்கச் செருப்பு இருக்கிறது, அந்தப் பக்கத்ததைக் காணோம். வாசல் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் இருந்ததைத் தூக்கிக் காட்டினோம். அவள் குப்பை லொறி போன திசையைக் காட்டி, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு மலரின் வெறுங்காலைப் பார்த்துவிட்டுச் சில்லறை எடுத்து நீட்டினாள்.

“நான் என்ன பிச்சைக்காரியோ?” மலர் என்னிடம்தான் சீறினாள்.

“ஆர் உம்மைக் கழட்டச் சொன்னது?” என்று சிரித்தேன்.

“ஆரின்ரை சாமியெண்டாலும் சாமிதானே, செருப்போட போறதோ?” சொல்லும்போதே அழுதுவிட்டாள். “பிள்ளை வாங்கித் தந்ததப்பா.”

என் சிரிப்பு நின்றுவிட்டது. ஊரை விட்டு வந்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. அன்று அழ நேரமிருக்கவில்லை.

எதிர்க்கடையில் கயிற்று அடி வைத்த சப்பாத்து வாங்கினோம். கடைக்காரி பழையதைக் குப்பைக்கூடையில் போடக் கை நீட்டினாள். மலர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சிட்னி விமான நிலையத்தில் மண் ஒட்டியிருக்கிறதா என்று அதைப் புரட்டிப் பார்த்த அதிகாரி, மற்றது எங்கே என்றார்.

“ஸ்பெயினில்” என்றேன். அவர் என்னைத்தான் கூர்ந்து பார்த்தார்.

“அம்மா, ஜஸ்ட் த்ரோ இட்! நான் வேற வாங்கித் தாறன்” என்றாள் வீட்டில் அதைக் கண்ட துளசி.

“ஓம், வாங்கித் தா. இது கிடக்கட்டும்.”

தினமும் காலையில் மலர் படி கூட்டுகிறாள். அந்த ஒற்றைச் செருப்பைத் தூசி தட்டி வாசலின் இந்தப் பக்கம் வைக்கிறாள். அந்தப் பக்கத்தில் எங்கள் செருப்புகள் எதையும் வைக்க விடுவதில்லை.