கண் தெரியேல்லையோ?

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் ஞாயிறுதோறும் உதைபந்தாட்டம் ஆடுவோம். நான் கோல்கீப்பர். கையைவிட வாய்தான் வேகம்.

ஓர் அரையிறுதியில் வெள்ளைக்கார நடுவர் எங்களுக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தார். அவருக்குத் தமிழ் விளங்காதென்ற துணிவில், "உந்தக் கிழவனுக்குக் கண் தெரியேல்லையோ?" என்று கத்தினேன். மஞ்சள் அட்டையை நீட்டினார்.

"தமிழ் தெரியாது," என்றார் ஆங்கிலத்தில். "ஆனால் கிழமைதோறும் கேட்கிற இந்த வசனம் தெரியும்."

தோற்றோம். எங்கள் கப்டன் அண்ணை என்னைப் பிடித்துக்கொண்டார். "உவர் ஆரெண்டு தெரியுமோ? வேல்ஸ் நாட்டுக்கு விளையாடின மனுசன். இப்ப இங்க ஸ்கூல் பஸ் ஓடுறார். போய் மன்னிப்புக் கேள்."

கேட்டேன். நடுவர் சிரித்தார். "நாட்டுக்காக ஆடிய கடைசி ஆட்டத்தில் பெனால்டியை வெளியே அடித்தேன். மைதானமே எங்கள் மொழியில் இதைத்தான் கேட்டது. அன்று அழுதேன். இப்போது நீங்கள் கத்தினால் சொந்த ஊரில் நிற்பதுபோல இருக்கிறது."

அடுத்த ஞாயிறு, உருண்டு வந்த பந்தொன்றை என் கால்களுக்கிடையே விட்டேன். நடுவர் விசில் ஊதிவிட்டு, வேல்ஸ் வாடைத் தமிழில் கேட்டார்:

"தம்பி, கண் தெரியேல்லையோ?"

இரண்டு அணியும் விழுந்து விழுந்து சிரித்தன. நானும்தான். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது: நான் 'கிழவன்' என்று சொன்ன இடத்தில் அவர் 'தம்பி' என்றிருந்தார்.