பிருந்தனுக்குக் கிடைத்த இடம்

மொன்றியலில் மஞ்சள் பள்ளிப் பேருந்து ஓட்டும் தமிழர்கள் சிலர் உண்டு. பேரின்பநாதன் அவர்களில் அதிகம் பேசாதவர். நகரின் வில்லரே பகுதியில் பிள்ளைகளை ஏற்றும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் 'பொன்ஜூர்' சொல்வார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல் வருவது அபூர்வம். மகன் இறந்த பிறகு அழுவதற்கும் அந்தப் பேருந்துதான் அவருக்கு இடம் கொடுத்தது. பிள்ளைகள் எல்லாரும் இறங்கிப் போனபின், வெறும் இருக்கைகளோடு வண்டியை ஒரு ஓரமாக நிறுத்தி அழுவார். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு வண்டியைக் கொண்டுபோய் விடுவார்.

மகன் பிருந்தனுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்தது ஒரு வசந்தத்தில். கோயிலில் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் வந்து பேரின்பநாதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்த யூலை மாதம் பிருந்தன் நண்பர்களோடு லவாலுக்கு வடக்கே ஒரு ஏரிக்குக் குளிக்கப் போனான். நன்றாக நீந்தத் தெரிந்தவன்தான். திரும்பி வரவில்லை.

அதன் பிறகு அவருடைய மனைவி குணேஸ்வரி பேச்சை விட்டுவிட்டாள். குழந்தைகள் காப்பகத்துச் சமையலறையில் இருந்த வேலையையும் விட்டாள். போட்டதைச் சாப்பிட்டாள், சொன்ன இடத்தில் படுத்தாள். அப்படியே மாதங்கள் போயின. ஒருநாள் இளையவள் சாருஜா தாயின் காலடியில் உட்கார்ந்து, "அம்மா, நான் அண்ணா எடுபட்ட மெடிசின் கோர்ஸுக்கே அப்ளிகேசன் போடப் போறன்" என்றாள். குணேஸ்வரி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "அப்ப வடிவாப் படிக்க வேணும்" என்றாள். அன்று தானே எழுந்துபோய் தேநீர் வைத்தாள்.

அந்தத் தேநீரைக் குடித்தபோது பேரின்பநாதனுக்கு வீட்டில் மறுபடி விளக்கு எரிந்ததுபோல இருந்தது. சாருஜாவுக்கு உண்மையில் என்ன படிக்க விருப்பம் என்று அவர் கேட்கவில்லை. கேட்க அவருக்குப் பயமாக இருந்தது.

விண்ணப்பம் போடுகிற காலம் வந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் பிரஷாந்தினியின் வீட்டுக்குப் போனார். பிரஷாந்தினி ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் வேலையில் இருப்பவள். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளின் புள்ளிகளைப் பார்த்து, எந்தப் படிப்புக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லுவாள். பிருந்தனை நேர்முகத்துக்குப் பழக்கியதும் அவள்தான்.

"வாங்கோ அண்ணை. இரும் பிள்ளை" என்றாள். சாருஜாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். தமையனின் சாயல் அந்த முகத்தில் அப்படியே இருந்தது.

புள்ளிகளை மெதுவாகப் பார்த்து முடித்தாள். பிறகு, "நேர்முகத்திலை கேக்கிற மாதிரி ஒண்டு கேக்கட்டோ? ஏன் டொக்டராக வேணும் எண்டு நினைக்கிறீர்?" என்றாள்.

சாருஜா நிமிர்ந்து உட்கார்ந்து பிரெஞ்சில் பதில் சொல்லத் தொடங்கினாள். தடங்கலே இல்லை. பேரின்பநாதனுக்குப் பேருந்து ஓட்டப் போதுமான அளவு பிரெஞ்சு தெரியும். மகள் சொன்னது விளங்கியது. ஒரு குளிர்காலத்தில் அப்பா பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது, அம்புலன்ஸில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனது, ஆஸ்பத்திரியில் பேசியது விளங்காமல் பயந்துபோயிருந்த அப்பாவின் தோளில் ஒரு வயதான மருத்துவர் கை வைத்தது, அந்தக் கை பட்டதும் அப்பாவின் மூச்சு சீரானதைக் கண்டது. அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன் என்று முடித்தாள்.

தெருவில் பனி வாரும் வண்டி ஒன்று போகும் சத்தம் கேட்டது.

"அண்டைக்கு நீ வரேல்லையே பிள்ளை" என்றார் பேரின்பநாதன். "நீ பள்ளிக்கூடத்தாலை பனிச்சறுக்கப் போயிருந்தனி. என்னோடை வந்தவன் அண்ணா."

சாருஜா மேசையைப் பார்த்தபடி இருந்தாள். "அண்ணா நேர்முகத்துக்குப் பழகேக்கை ஃபோனிலை பதிஞ்சு வைச்சவர். நான் அதைக் கேட்டுப் பாடமாக்கினனான்."

பிரஷாந்தினி எழுந்து குசினிக்குள் போனாள். தண்ணீர்க் குழாய் கொஞ்ச நேரம் ஓடியது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"அண்ணை, நான் பொய் சொல்லக்கூடாது. போன வருசங்களிலை நான் பாத்து எடுபட்ட பிள்ளையள் எல்லாரும் புள்ளியிலை இவவை விட நல்ல உயரத்திலை நிண்டவை. இந்தப் புள்ளிக்கு நேர்முகத்துக்குக் கூப்பிடுறதே கஷ்டம். கூப்பிட்டாலும், தன்ரை இல்லாத கதையைச் சொல்லி அங்கை நிக்கேலாது. கணக்கும் பௌதிகமும் பிள்ளைக்கு நல்லா வருது. உயிரியலும் இரசாயனமும்தான் கீழை இழுக்குது. சாருஜா, உமக்கு என்ன விருப்பம்?"

சாருஜா தகப்பனை ஒருமுறை பார்த்தாள். "நில அளவை" என்றாள், ஏதோ களவு செய்ததை ஒத்துக்கொள்பவள்போல.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியபின் பேரின்பநாதன் இறங்கவில்லை. "விட்டிடு பிள்ளை" என்றார். "அப்பா அம்மாவோடை கதைக்கிறன்."

"நான் விட்டா அண்ணா முழுசாப் போயிடுவார் அப்பா."

"அவன் போயிட்டான் பிள்ளை."

மகன் இறந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல்தடவை. சாருஜா அழத் தொடங்கினாள். அழுகைக்கு நடுவே சொன்னாள்: "அம்மா என்னோடை கதைக்கிறது மார்க்ஸ் கேக்கேக்கை மட்டும்தான். அதுவும் இல்லையெண்டா என்னோடை என்னத்தைக் கதைப்பா?"

பேரின்பநாதன் இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைத் தான் காணாமல் இருந்ததை நினைத்தார். மகளின் தலையைத் தன் கனத்த குளிர்ச்சட்டைமேல் சாய்த்து வைத்துக்கொண்டார். காரின் கண்ணாடியில் உள்ளே ஆவி படிந்து வெளியே எதுவும் தெரியாமல் போனது.

வீட்டுக்குள் போனதும் குணேஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அம்புலன்ஸ் கதையையும் சொன்னார். அவள் முழுவதும் கேட்டாள். "பிரஷாந்தினிக்கு என்ன தெரியும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "போட்டுப் பாக்கட்டும்" என்றாள். அந்தக் குரலில் இருந்த கெஞ்சலை அவரால் தாங்க முடியவில்லை. சாருஜா மருத்துவத்துக்கும் போட்டாள், கியூபெக் நகரில் நில அளவைக்கும் போட்டாள்.

மருத்துவத்தில் நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை. இல்லை என்று வந்த மின்னஞ்சலை சாருஜா தாய்க்கு வாசித்துக் காட்டினாள். குணேஸ்வரி கோபிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "சரி" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தச் சாத்தலில் சத்தமே இல்லை. பேரின்பநாதன் அந்தக் கதவைப் பார்த்தபடி மகனின் சாவீட்டை நினைத்தார். அன்று அவனை இழந்தார்கள். இன்று உயிரோடு இருக்கிறவளும் அந்தக் கதவுக்கு வெளியே நின்றாள்.

நில அளவைக்கு இடம் கிடைத்தது. ஓகஸ்ற் கடைசியில் அவரே சாருஜாவைக் கியூபெக் நகருக்குக் கொண்டுபோய் விட்டார். புறப்படும்போது குணேஸ்வரி ஜன்னலடியில் நின்றாள். இறங்கி வரவில்லை. நெடுஞ்சாலையில் பாதி தூரம் போனபின் சாருஜா, வயலுக்கு நடுவே நின்ற கம்பங்களைக் காட்டி, தூரத்தையும் உயரத்தையும் எப்படி அளப்பார்கள் என்று சொல்லத் தொடங்கினாள். அவள் குரலில் இருந்த உற்சாகம் அவருக்குச் சந்தோசமாக இருந்தது. இதை மனைவி கேட்கவில்லையே என்றும் இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சாருஜா தொலைபேசி எடுப்பாள். பேரின்பநாதன் பேசுவார். குணேஸ்வரி பக்கத்துக் கதிரையில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருப்பாள். ஃபோனை நீட்டினால் தலையை ஆட்டி வேண்டாம் என்பாள். மகளும் அம்மாவிடம் கொடுங்கோ என்று கேட்பதை விட்டுவிட்டாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு, பேரின்பநாதன் பேச்சை முடிக்கப்போன நேரத்தில் குணேஸ்வரி மடித்த உடுப்பைப் பார்த்தபடியே, "சாப்பிட்டாளாமோ எண்டு கேளுங்கோ" என்றாள்.

"சாப்பிட்டியோ எண்டு அம்மா கேக்கிறா" என்றார் அவர். மறுபக்கத்தில் வெகுநேரம் சத்தமில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

"சாப்பிட்டன் எண்டு சொல்லுங்கோ அப்பா" என்றாள் சாருஜா.