காணி பாக்க வந்தவைக்குக் குடுத்த தண்ணி

யாழ்ப்பாணத் தீவுப் பக்கம், சரவணையிலை கடற்கரையோடை இருக்கிற அந்த வீட்டிலை நாங்கள் பதினொரு வருசம் இருந்தனாங்கள். வீடு எங்கடையில்லை. சொந்தக்காரர் வெளிநாட்டிலை. நானும் என்ரை மனிசன் இவரும் எங்கடை ரண்டு மாட்டோடை அங்கை காவலுக்கு இருந்தம். வாடகை இல்லை, சம்பளமும் இல்லை. எங்களுக்கெண்டு ஒரு பரப்புக் காணி எங்கையும் இல்லை.

பக்கத்துச் சாட்டிக் கடற்கரைக்கு வெள்ளைக்காரர் குளிக்க வரத் தொடங்கின பிறகு, கடற்கரைக் காணியெண்டால் சனத்துக்கு ஒரு விசர். ஒருநாள் சொந்தக்காரர் போன் எடுத்து, "அக்கா, காணியை விக்கப் போறன். ஆக்கள் வந்தால் திறந்து காட்டுங்கோ" எண்டார். "ஓம் தம்பி" எண்டு வைச்சனான். வித்தால் நாங்கள் தெருவிலைதான். அதுக்குப் பிறகு படலையடியிலை ஒரு வாகனம் நிண்டாலே நான் ஓடிப்போய் எட்டிப் பாப்பன்.

"நீர் பயந்தால் அவர் விக்காமல் விடப்போறாரோ?" எண்டு இவர் பகிடி பண்ணுவார். பகிடி பண்ணுற மனிசன்தான் சோத்தைப் பாதியிலை விட்டிட்டு எழும்பும்.

தீவுப் பக்கத்திலை காணி வாங்க வாறவை வீட்டைப் பாக்க முதல் கிணத்துத் தண்ணியைத்தான் குடிச்சுப் பாப்பினம். நல்ல தண்ணியெண்டால் மிச்சக் கதை. உப்புக் கரிச்சால், சவரெண்டு சொல்லிப்போட்டு வந்த வழியே திரும்பிடுவினம். எங்கடை வளவிலை ரண்டு கிணறு. முன் கிணறு நல்ல தண்ணி. கடல் பக்கத்துக் கிணறு பொல்லாத சவர். பயம் வந்தால் புத்தி குறுக்காலைதானே போகும்? ஆக்கள் வருகினம் எண்டு காணித் தரகர் சொன்ன உடனை, நான் கடல் பக்கத்துத் தண்ணியை அள்ளி முன் கிணத்தடி வாளியிலை நிரப்பி வைப்பன். "நீங்கள் நில்லுங்கோ, நானே அள்ளித் தாறன்" எண்டு அந்த வாளியிலை இருந்து செம்பிலை குடுப்பன்.

முதல் வந்த ரண்டு பேரும் வாயிலை விட்ட உடனை துப்பிப்போட்டுப் போட்டினம். எனக்குச் சந்தோசம் வரேல்லை. அடுத்தது ஆரோ எண்ட பயம்தான் கூடினது.

மூண்டாவதாய் ஒரு அண்ணையும் மனிசியும் வந்தினம். பக்கத்துக் கரம்பொனிலை பிறந்து வளந்து, பிறகு வெளிநாடு போனவை. நான் அண்ணையிட்டைச் செம்பை நீட்டினன். அவர் துப்பேல்லை, விழுங்கினார். சுத்திவரப் பாத்தார்.

"எப்பவும் இப்பிடித்தானோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை. கோடையிலை இன்னும் மோசம்."

போகேக்கை படலையடியிலை அந்த மனிசி இவரிட்டைச் சொன்னா: "நாங்கள் வருசத்திலை ஒரு மாதம்தான் வந்து நிப்பம். தண்ணி மட்டும் நல்லதெண்டால், வாங்கிப்போட்டு உங்களையே இருக்கச் சொல்லியிருப்பம்."

ஐயோ அம்மாளாச்சி! சொல்லு, சொல்லு எண்டு மனம் அடிச்சுது. சொன்னால் கள்ளியெண்ட பேர். சொந்தக்காரரின்ரை காதுக்குப் போனால் அண்டைக்கே தெருவிலை. நான் படலையைச் சாத்தினன். இவர் என்னைப் பாத்த பார்வையை இப்ப நினைச்சாலும் உடம்பு கூசும்.

அடுத்த கிழமை கொழும்பிலை இருந்து ஒரு ஐயா பெரிய வாகனத்திலை வந்து இறங்கினார். நான் செம்போடை ஓடினன். அவரின்ரை கையிலை போத்தல் தண்ணி. கிணத்தடிப் பக்கம் திரும்பியும் பாக்காமல் நேரை கடற்கரைக்குப் போய்ப் படம் எடுத்தார்.

"ஐயா, இஞ்சத்தைத் தண்ணி பொல்லாத சவர்" எண்டு பின்னாலை போய்ச் சொன்னன்.

"அதுக்கென்ன அம்மா, தண்ணி பவுசர் லொறியில வரும். ஹோட்டலுக்கு வாறவங்க கடலைத்தானே பாக்க வருவாங்க?" எண்டார்.

மாதம் முடியக் காணி உறுதி எழுதி, வீட்டை இடிக்கப் போகினமாம். தரகர் சொன்னார். இனியும் வெக்கம் பாத்தால் மாட்டையும் கொண்டு எங்கை போறது? தரகரிட்டை நம்பர் வாங்கி, கரம்பொன் அண்ணைக்குப் போன் எடுத்தன்.

"அண்ணை, அண்டைக்கு நான் தந்தது மற்றக் கிணத்துத் தண்ணி. முன் கிணறு நல்ல தண்ணி அண்ணை. எங்களுக்குப் போக ஒரு இடமில்லை, பயத்திலை செய்துபோட்டன். நீங்கள் வாங்குங்கோ. உங்கடை வீட்டைக் கண்ணுக்குள்ளை வைச்சுப் பாப்பம்."

அவர் அவசரப்படாமல் சொன்னார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் தங்கச்சி. முன் கிணத்தடியிலை தேசிக்காய் மரம் குலுங்கக் குலுங்கக் காய்ச்சு நிண்டது. சவர்த் தண்ணியிலை அப்பிடிக் காய்க்குமே? நீர் உண்மையைச் சொல்லுவீர் எண்டுதான் திருப்பிக் கேட்டனான். அப்பவும் பொய்தான் சொன்னனீர். உம்மை நம்பி வீட்டை விட்டிட்டுப் போக எனக்கு மனம் வரேல்லை."

போனை வைச்சிட்டார்.

இவர் மாட்டுக்கு வைக்கல் போட்டுக்கொண்டு நிண்டவர், கையிலை வைக்கலோடை ஓடி வந்தார். "என்னவாம்? வாங்குவினமாமோ?"

நான் இவரின்ரை கையிலை இருந்த வைக்கலை வாங்கினன்.

"அவர் போனைத் தூக்கேல்லை" எண்டன்.