ஆலமரத்துக் கட்டுச்சோறு

எட்டு வயதில் எனக்கு வரலாறு என்றால் கொட்டாவி வரும், சோறு என்றால் காது நீளும். இரண்டும் ஒரே மரத்தில் தொங்கியதுதான் வினை.

முழுப்பரீட்சை லீவுக்கு மதுரையிலிருந்து பரளச்சிப் பக்கம் சித்தி வீட்டுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். ஊருக்கு வெளியே, கரிசல் காட்டு நடுவில் ஓர் ஆலமரம். பாளையக்காரர் காலத்தில் படை தங்கிய மரமாம். பார்த்தே ஆகவேண்டும் என்று அப்பா எங்களை வெயிலில் நடத்திப்போனார். அவர் விழுதைத் தடவிச் சரித்திரம் சொல்ல, நான் அண்ணாந்து பார்த்தேன். கிளைகளில் சாக்குப் பொட்டலங்கள்.

"அதுல என்ன சித்தப்பா?"

"அதுவா? சண்டைக்குப் போனவுக தொங்கவிட்ட கட்டுச்சோறு. ஆளு திரும்பி வரல, சோறு அப்படியே கெடக்கு" என்றார் சித்தப்பா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பாவம், பசியோடு செத்திருக்கிறார்கள். அடுத்த நொடி, புளிச்சோறா எலுமிச்சையா என்று யோசனை. பெரியவர்கள் மரத்தின் மறுபுறம் போனதும் விழுதைப் பிடித்து ஏறி, தாழத் தொங்கிய ஒன்றை இழுத்தேன். அழுகல் வாடை அடித்தது. அத்தனை காலத்துச் சோறு வேறெப்படி இருக்கும் என்று இன்னும் பலமாக இழுத்தேன்.

சாக்கு கிழிந்து, கொழகொழவென்று என்னவோ தலைமேல் விழுந்தது. என் அலறலில் அப்பா பாளையக்காரரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார். அதற்குள் ஒரு நாய் அதைக் கவ்விக்கொண்டு காட்டுக்குள் பாய்ந்துவிட்டது.

சித்தப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் வெளுத்து நின்றார்.

"அடிப்பாவி, அது நம்ம மாட்டு நஞ்சுக்கொடிடி!"

சித்தியின் மாடு போன வாரம்தான் கன்று போட்டிருந்தது. கன்றோடு விழும் கொடியைப் பால் வடியும் மரத்தில், நாய்க்கு எட்டாமல் கட்டவேண்டுமாம். நாய் தின்றால் மாட்டுக்குப் பால் வற்றிவிடுமாம். சித்தி பால் ஊற்றித்தான் அந்த வீடு ஓடியது.

சித்தி என்னைத் திட்டவே இல்லை. வாளி வாளியாகத் தலையில் தண்ணீர் ஊற்றினார். அதுதான் பயமாக இருந்தது. சாயங்காலம் மாட்டின் காதில் மன்னிப்புக் கேட்டேன். அது என் ரிப்பனைத் தின்றது.

மறுநாள் காலை சித்தி ஒரு டம்ளர் நிறையப் பாலை நீட்டினார்.

"குடிடி. கறவைக்கு ஒரு கொறையும் இல்ல."

"பாத்தீகளா சித்தப்பா, சும்மா பயங்காட்டுனீக!" என்று கொக்கரித்தேன். அவர் தன் டம்ளரை ஆற்றினார். அவர் கையிலும், அப்பா அம்மா கையிலும், சித்தி கையிலும் கடுங்காப்பி.

பெரியவர்களுக்கு அன்றைக்கென்று பால் பிடிக்காமல் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு டம்ளர் கேட்டேன்.