வெல்லாவெளி மாமி

அன்னப்பூரணி மாமியைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் இல்லை. அவரை ஊர் சிரிக்க வைத்த வீடியோக்களை எடுத்தவன் நான்தான். பெயர் நிலோஜன். வெல்லாவெளியில் ஓட்டோ ஓட்டுகிறேன். ஹயர் இல்லாத நேரங்களில் அவருடைய மருமகன் யோகராசாவுக்குப் போன் பிடித்தேன். மாமியைத் தெரிந்தவர்கள் யாரும் எழுதப் போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

மாமி முப்பத்திரண்டு வயதில் புருசனை இழந்தவர். வட்டையில் இருந்த மூன்று ஏக்கர் வயலைத் தானே நின்று செய்வித்து, ஒரே மகள் பிரஷாந்திக்குக் கல்வீடு கட்டினார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவார், மாமியார் ஒதுங்கிக்கொள்வார். மாமியும் கலியாணத்தன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு பின்வளவில் ஒரு தகரக் குடிலுக்குப் போய்விட்டார். அதற்காக அவர் முகம் கோணியதை யாரும் பார்த்ததில்லை.

யோகராசா எழுவான்கரைப் பிள்ளை. வாவிக்கு அந்தப் பக்கத்தாருக்கு எங்கள் படுவான்கரைப் பேச்சென்றாலே ஒரு நக்கல். போதாக்குறைக்கு மாமிக்கு வட்டையில் நின்று கூப்பிட்டே பழகிய தொண்டை. ஒருநாள் யோகராசா மாமியின் சேலையைச் சுற்றிக்கொண்டு, கிணற்றடியில் இடுப்பில் கைவைத்து நின்று, "பிரஷாந்தீ... இஞ்ச வாகா!" என்று இழுத்தான். அப்படியே மாமி. நான் சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. அந்தச் சிரிப்போடேயே பேஸ்புக்கில் போட்டோம், 'வெல்லாவெளி மாமி' என்று. ஒரு கிழமைக்குள் சுவிஸ், கனடா எல்லாம் பார்த்தார்கள். போன் பிடிக்கிறவரின் சிரிப்புக்காகவே பார்க்கிறோம் என்றுகூடச் சிலர் எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் வீடியோவுக்கு மாமியும் வாய் பொத்திச் சிரித்தார். பிறகு சந்தையில் அவரைக் கண்ட பொடியன்கள் "இஞ்ச வாகா" என்று கத்தத் தொடங்கினார்கள். கண்ணகை அம்மன் கோயிலில் "தாயே" என்று அவர் வாய்விட்டுக் கும்பிட்டபோது, பின்னால் நின்ற ஒருத்தன் அதையே யோகராசாவைப் போல இழுத்தான். கோயிலே சிரித்தது. அதற்குப் பிறகு அவர் வாய்க்குள்தான் கும்பிட்டார். கோழிகளைக்கூடக் கூப்பிடுவதில்லை, தகரத் தட்டில் தட்டுவார். மகளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் குடிலிலிருந்து நடந்து வந்து பக்கத்தில் நின்று சொல்வார்.

ஒருநாள் என் முன்னாலேயே யோகராசாவிடம் கேட்டார்.

"மருமகன், நீங்க நல்லாத்தான் செய்றீங்க. எண்டாலும் எனக்கிட்டக் கிடக்கிறது இந்த ஒரு வாய்தான். அத எனக்கு உட்டுருங்க."

"சும்மா பகிடிதானே மாமி! உங்கள உலகமெல்லாம் தெரியும் இப்ப."

"என்னய எனக்குத் தெரிஞ்சாக் காணும்."

அடுத்த நாள் அந்த வசனத்தையும் சேலை கட்டிக்கொண்டு செய்தான். நான் அன்றைக்குத்தான் அதிகமாகச் சிரித்தேன். பூனைக்கு விளையாட்டு, சுண்டெலிக்குச் சீவன் போகுது என்பார்கள். அந்தப் பழமொழி எனக்கும் தெரியும், யோகராசாவுக்கும் தெரியும்.

மாசியில் மாமிக்கு நெஞ்சு நோவு வந்தது. என் ஓட்டோவில்தான் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க அவர் முனகினார். யோகராசா பக்கத்தில் இருந்து கையைப் பிடித்தபடி கவனமாகக் கேட்டுக்கொண்டு வந்தான். அவன் பயந்துபோயிருக்கிறான் என்று நினைத்தேன். மாமி மருந்துக் குளிசையோடு வீடு திரும்பிய மூன்றாம் நாள் அவன் புது வீடியோவுக்குக் கூப்பிட்டான். அதில் மருமகன் இன்னொரு மீன் துண்டு கேட்டதும் மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார், "பிரஷாந்தீ... இஞ்ச வாகா, நெஞ்சப் புடிக்குது!" என்று. எங்கள் வீடியோக்களிலேயே கூடுதலாக ஓடியது அதுதான். பிரஷாந்தியும் பார்த்தாள், சிரித்தாள். அதை அவள் இன்றைக்கும் மறைப்பதில்லை.

பங்குனியில் ஒரு பின்னேரம். பிரஷாந்தி கடைக்குப் போயிருந்தாள். நானும் யோகராசாவும் முன்னறையில் ஒரு வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம். போனில் அவனுடைய மாமிக் குரல் திரும்பத் திரும்ப ஓடியது. நடுவில் "பிரஷாந்தீ..." என்று கேட்டது. "இந்த இடம் நல்லா வந்திருக்கு" என்றான் அவன். நானும் ஓம் என்றேன். இரண்டாம் தரம் கேட்டபோது அவன் போனின் சத்தத்தைக் குறைத்தான். மூன்றாம் தரம் ஒன்றும் கேட்கவில்லை.

கடையால் வந்த பிரஷாந்திதான் கண்டாள். மாமி குடில் வாசலில் குப்புறக் கிடந்தார். தகரத் தட்டு கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது.

யோகராசா பேஸ்புக்கில் மரண அறிவித்தல் போட்டான். அதற்கு நானூறு பேர் சிரிப்பு முகம் குத்தினார்கள். 'அடுத்த பகுதி எப்ப?' என்று கேட்டார்கள். 'இது உண்மை, என் மாமி செத்துவிட்டார்' என்று அவன் மறுபடி எழுதினான். அதற்கு அறுநூறு.

எட்டாம் நாள் சாப்பாடு முடிந்து சனம் கலைந்த பிறகு, நானும் யோகராசாவும் பாத்திரம் அடுக்கிக்கொண்டு நின்றபோது, பக்கத்து வளவு மங்கையற்கரசி அக்கா பிரஷாந்தியின் காலடியில் வந்து இருந்தார்.

"புள்ள, நான் கேட்டன்கா. வேலிக்கு அங்கால நிண்டு உடுப்புக் காயப் போட்டன். ரெண்டு தரம் கூப்பிட்டா. உன்ட மாப்பிள வீடியோவுக்குப் பேசிப் பழகுறார் எண்டு நினைச்சுச் சிரிச்சுப்போட்டன்."

பிரஷாந்தி அவரைத் திட்டவில்லை. எழும்பி யோகராசாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நான் மட்டும்தான் கேக்கல்ல. அம்மா கடைசியா எப்பிடிக் கூப்பிட்டா? செய்து காட்டுங்க."

"என்ன கதைக்கிறாய் நீ? என்னால ஏலா."

"உலகத்துக்கே செய்தீங்கதானே. எனக்கு ஒருக்காச் செய்யுங்க. அம்மாட குரலக் கேக்க எனக்கு வேற வழி இல்ல."

அவன் அழுதான். அவள் அசையவில்லை. கடைசியில் அவன் கண்ணை மூடிக்கொண்டு, சேலையில்லாமல், இடுப்பில் கைவைக்காமல், மெல்லக் கூப்பிட்டான்.

"பிரஷாந்தீ... இஞ்ச வாகா... நெஞ்சப் புடிக்குது..."

மாமியேதான். பிரஷாந்தி "அம்மா" என்று பின்வளவுப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டாள்.

அந்த நேரம் ஒரு சிரிப்புக் கேட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்தபோதுதான், அது என் வாயிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது.