மாமாவின் கிதாருக்கு நான் கொடுத்த முட்டு

கூட்டத்தில் யாராவது என்னைத் திரும்பிப் பார்த்தால், இன்றைக்கும் என் கை தானாகச் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்க்கும். எல்லாம் பூட்டியிருக்கிறதா என்று. இந்தப் பழக்கம் எனக்கு வந்தது மாமாவின் கிதாரால்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. போடியில் மோட்டார் காயில் கட்டுவது அவர் தொழில். கிணற்று மோட்டாரோ, மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் காற்றாடி மோட்டாரோ, எது எரிந்து வந்தாலும் பழைய கம்பியை உருவிவிட்டுப் புதிதாகச் சுற்றுவார். அப்போது ரேடியோவில் சினிமாப் பாட்டுகளை வெறும் வாத்தியத்தில் வாசிப்பார்கள். அதில் ஒரு கிதார் அழுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். அதன்மேல் மாமாவுக்குப் பைத்தியம். நான்கு கால் வைத்து மேசை போல நிற்கும், காலால் மிதித்தால் குறிப்பிட்ட தந்தி மட்டும் சுதி ஏறும் பெடல் ஸ்டீல் கிதாரின் படம் ஒன்று எங்கிருந்தோ அவருக்குக் கிடைத்தது. வாங்க வழியில்லை. அதனால் செய்தார்.

போடிமெட்டுப் பக்கம் வெட்டிய சில்வர் ஓக் பலகையை ஸ்டோர்ச் சூட்டிலேயே காயவைத்தார். பெடலை மிதித்தால் தந்தியை இழுக்கச் சைக்கிள் பிரேக் கம்பி. தந்திகளின் மேல் வழுக்க, தேய்த்துப் பளபளப்பாக்கிய மோட்டார் ஷாப்ட் துண்டு. தந்தியின் அதிர்வை வாங்கி ஆம்பிளிபயருக்கு அனுப்பும் பிக்கப்புக்கு அவர் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. காந்தமும் அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியும்தானே, அவருக்குத் தெரியாததா? மோட்டார்க்காரர் புத்திப்படி முதலில் சுற்றைக் கூட்டிக்கொண்டே போனார். சத்தம் பெரிதாயிற்று, ஆனால் கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல மங்கிவிட்டது. பாதியை உருவினார். குரல் தெளிந்தது, கூடவே கீச்சென்றது. காந்தத்தைத் தந்திக்குக் கிட்டே வைத்தால் அதட்டியது. தள்ளி வைத்தால் கெஞ்சியது.

பிக்கப் ஒருவழியாகப் படிந்தபோது பலகை மக்கர் செய்தது. சில்வர் ஓக் இளகின மரம். பெடலை மிதிக்கிற இழுப்பில் பலகையே நூலளவு வளைந்துவிடும். ஒரு தந்தி ஏற, மற்றதெல்லாம் சுதி இறங்கிப்போகும். ஒருநாள் அடியில் உருண்டோடிய திருகாணியைத் தேடிக் குனிந்திருந்தேன். நிமிர்ந்தபோது முதுகு பலகையில் முட்டியது. அந்த நேரம் பார்த்து மாமா மிதித்தார். சுதி இறங்கவில்லை.

"மாப்ளே, அசையாத! அப்படியே இரு!"

அன்றிலிருந்து நான்தான் முட்டு. சட்டைத் துணி பலகையில் உரசுகிற சரசரப்பையும் பிக்கப் வாங்கிக்கொண்டதால் சட்டையைக் கழற்றச் சொன்னார். வெறும் முதுகு பட்டதும் மிச்சமிருந்த கீச்சும் அடங்கி, ஓசை உருண்டையாக வந்தது. "இப்பத்தாண்டா பேசுது" என்று பலகையைத் தடவிக்கொடுத்தார்.

எங்கள் வேதக்கோயில் பாடகர் குழுவில் வாசிக்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. கோயிலில் சினிமாச் சத்தம் எதற்கு என்று குழுத் தலைவர் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் போதகர் குறுக்கிட்டு, விளைச்சலைக் காணிக்கை வைக்கும் அறுப்பின் பண்டிகையில் ஒரு பாட்டு வாசிக்கட்டும், சபைக்குப் பிடித்தால் கிறிஸ்துமஸிலிருந்து குழுவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு சொன்னார்.

"ஏன்டா தம்பி, புள்ளைய மேசைக்காலு மாதிரி நிறுத்துறியே, மூச்சு முட்டிறாதா?" என்று அம்மா கேட்டாள்.

"ஒரே பாட்டுதான்க்கா. துணி போட்டு மறைச்சிர்றேன், ஒரு பயலுக்கும் தெரியாது."

பண்டிகைக்குக் கோயில் வளாகத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மேடையில் பூசணி, வாழைத்தார், ஏலக்காய் மூட்டை, கால் கட்டிய கோழிகள். அவற்றுக்குப் பக்கத்தில் போர்வை சுற்றிய கிதார், அதற்குள் நான். மாமாவின் கால்விரல்கள் மட்டும் தெரிந்தன. பாட்டு தொடங்கியது. அவர் மிதிக்கும்போதெல்லாம் நான் முதுகை ஏந்தினேன். தந்தி அதிர்வது என் விலாவுக்குள் ஓடியது. வெளியே கைக்குழந்தைகள்கூட வாயைத் திறக்கவில்லை. பாட்டு முடிந்ததும் பெண்கள் பக்கமிருந்து மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. மாமா வென்றுவிட்டார் என்று எனக்கே தெரிந்தது.

ஆராதனை முடிந்தால் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவது வழக்கம். கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியதும் என்னை வெளியே விடுவதாக மாமா சொல்லியிருந்தார். ஆனால் அவரைச் சூழ்ந்துகொண்டு எல்லாரும் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ஏலத்துக்கு இடம் ஒதுக்க வந்த இரண்டு வாலிபர்கள் கிதாரைத் தூக்கிவிட்டார்கள்.

"அண்ணே, கீழ ஒரு உருப்படி கெடக்கு!"

சட்டையில்லாமல், வேர்வை வழிய, கோழிகளுக்கும் பூசணிக்கும் நடுவே குந்தியிருந்தேன். முன்வரிசைப் பாயில் என் வகுப்புப் பையன்கள். ஏலம் விடுகிறவர் ஏலக்காய் வியாபாரி. வாய்ச் சாமர்த்தியம் உள்ளவர். என் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

"அடுத்த உருப்படி! நல்லா முட்டுக் கொடுக்கும், சோறு மட்டும் போட்டாப் போதும்! கேளுங்கய்யா!"

"ஒரு மூட்டை ஏலக்கா!" என்றார் பெரிய மீசைக்காரர் ஒருவர்.

"எலும்ப எண்ணிப் பாத்துக் கேளுங்கண்ணே!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பந்தல் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் எங்கள் வீட்டுச் சேவலும் இதே மேடையில் கேட்கப்பட்டு, கேட்டவர் அக்குளில் போனதுதான், திரும்பி வரவில்லை. மாமாவைப் பார்த்தேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"எம் மாப்ளைக்கு ரெண்டு மூட்டை! யாருக்கும் விடமாட்டேன்!" என்று கையை உயர்த்தினார்.

அவரும் சேர்ந்து விளையாடுகிறார் என்பதுதான் தாங்கவில்லை. கையை உதறிக்கொண்டு, வெற்று உடம்போடு கடைத்தெரு வழியாக வீட்டுக்கு ஓடினேன்.

பள்ளிக்கூடத்தில் அதற்குப் பிறகு என் பெயர் முட்டு. "டேய், ஒன்னய எந்தக் கடையில எறக்குனாக?" என்று பெஞ்சுக்குப் பெஞ்சு கேட்டார்கள். அந்த ஐந்தாம் வகுப்பை எப்படியோ முடித்தேன். ஆறாம் வகுப்புக்கும் அதே பையன்களோடுதான் போகவேண்டும் என்று தெரிந்ததும், போகமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டேன். அடித்தும் பார்த்தார்கள்.

பண்டிகைக்குப் பிறகு மாமா என்னை மறுபடி முட்டுக் கொடுக்கக் கூப்பிடவில்லை. பலகைக்கு அடியில் இரும்பு ஆங்கிள் வைத்து முடுக்கினார். சுதி பாறை மாதிரி நின்றது. ஆனால் ஓசை, எவர்சில்வர் தட்டில் கரண்டி பட்டது போல விறைத்துப்போனது. பிக்கப்பை உருவினார், சுற்றினார், காந்தத்தை ஏற்றினார், இறக்கினார். சைக்கிள் டியூபை வெட்டி ஆங்கிளுக்கும் பலகைக்கும் நடுவே திணித்தார். பிக்கப் காயில் சரியில்லை என்று எல்லாரிடமும் சொன்னார். நானும் நம்பினேன். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஆர்மோனியம் மட்டும்தான் இருந்தது.

அதற்கு முந்தின சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்தார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, என் முதுகில் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"சாப்ட்டியா மாப்ளே?"

"ம்."

அம்மா காப்பி கொண்டுவருவதற்குள் போய்விட்டார். மலைக்காற்று இறங்கும் மார்கழி மாதம். கை குளிர்ந்திருக்கும், சூடேற்றிக்கொண்டு போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.