சோதிக்காத பரண்

ஒரு பொருளில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்காமல் விட்டுவிட்டால், நஞ்சு இல்லை என்று ஆகிவிடுமா? நேராகப் பதில் சொல்லுங்கள். அமெரிக்காவின் டுலூத் நகரில் இரும்புத் தாது ஏற்றும் கப்பல்துறையில் முப்பத்தோரு வருடம் உழைத்த ஆர்விட் சால்மெலா, ஆகிவிடும் என்று வெகுகாலம் நம்பப் பார்த்தார்.

1976. வீட்டுக்குப் பின்னால் அவரே கட்டிய கார் கொட்டகை. பனிக்காலத்தில் வேலை இல்லாத நேரமெல்லாம் அதற்குள் விறகடுப்பை மூட்டிக்கொண்டு படகு மோட்டாரைப் பிரித்துப் போட்டபடி இருப்பார். சூடு நிற்காது. பரண் வழியாக ஏறிக் கூரையைத் தாண்டிப் போய்விடும்.

"ஊரே நடுங்குது, நீ ஆகாசத்துக்குக் கணப்பு போடுற," என்பாள் மனைவி ஐலி.

சூடு தப்பாமல் பரணை நிரப்பக் கடையில் மூன்று சரக்கு இருந்தது. கண்ணாடிப் பஞ்சு, பழைய செய்தித்தாளை அரைத்த தூள், பை பையாக ஒரு மினுமினுக்கும் பொடிக்கல். பஞ்சுதான் விலை குறைவு. ஆனால் வீட்டுப் பரணுக்கு அதைப் போட்டபோது, அவருடைய சட்டையைத் துவைத்த ஐலிக்கு முழங்கை வரை தடித்துப் போயிருந்தது.

"மறுபடியும் அந்தப் பஞ்சு வந்துச்சுன்னா உன் துணிய நீயே தொவச்சுக்க ராசா. நான் ஒரு வாரம் சொறிஞ்சது போதும்."

காகிதத் தூளை அடுப்புப் புகைக்குழாய் பக்கத்தில் போட அவருக்குத் துணிவில்லை. மிஞ்சியது பொடிக்கல்.

"கொட்டு, வாரு, எறங்கி வா. அரிக்காது, எரியாது, எலி தின்னாது," என்றார் கடைக்காரர்.

மூன்றும் உண்மை. கேட்கத் தோன்றாத நான்காவதைப் பற்றி அந்தப் பையில் ஒரு வரிகூட அச்சிடவில்லை. ஐலியின் கைகள் அரிக்கக் கூடாது என்பதற்காகவே ஆர்விட் அதை வாங்கினார். இரண்டு நாள் கொட்டினார். ஐலி அவர் சட்டையைக் கொல்லையில் உதறினாள். அவள் கூந்தலெல்லாம் பொன்துகள்.

"பாத்துக்க, உன் பொண்டாட்டி நகை போட்டிருக்கா!" என்று சிரித்தாள்.

இரண்டாயிரத்தில் செய்தித்தாளில் அந்தப் பையின் படம் வந்தது. அந்தக் கல்லை வெட்டிய மலையில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்ததாம். கண்ணுக்குத் தெரியாத நார். மூச்சோடு நுரையீரலுக்குள் போய், முப்பது வருடம் சும்மா இருந்துவிட்டுக் கொல்லும். ஆர்விட் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அன்று மாலையே பரண் கதவை ஆணியடித்து மூடினார்.

"அணில் வருது," என்றார்.

"ஒரு அணிலுக்கு இத்தன ஆணியா? கரடி வந்தா என்ன பண்ணுவ?"

சொல்லியிருக்கலாம். அவளை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஏழு வருடம் கழித்து ஐலிக்கு மூச்சு வாங்கியது. நுரையீரல் உறையில் புற்று. மருத்துவர் கேட்டார்: "வீட்டுக்கு யாராவது தூசியோட வருவாங்களா?"

ஆர்விட் வாய் திறக்குமுன் ஐலி சொன்னாள்: "இதோ இவருதான், டாக்டர். துறைமுகத்துத் தூசி பூரா எங்க வீட்லதான்." பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேலைக்குப் போன எடத்துத் தூசிக்கு நீ என்ன பண்ணுவ? மூஞ்சியத் தொங்கப் போடாத."

அந்த ஆறுதலை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். பரணைப் பற்றிச் சொல்லவில்லை. அடுத்த மார்ச்சில் அவள் போய்விட்டாள். கொன்றது எந்தத் தூசி என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்பது உண்மைதான். பரணைப் பற்றித் தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை இருந்தது என்பதும் உண்மை.

2011இல் மகளோடு போய் இருக்கலாம் என்று வீட்டை விற்கக் கிளம்பினார். விற்றுத் தரும் தரகர் டேல், ஐலியின் அண்ணன் மகன். பரண் விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மாறியது.

"மாமா, சோதன கீதனன்னு கெளம்பிடாதீங்க. தெரிஞ்சதத்தான் வாங்குறவங்ககிட்டச் சொல்லணும். சோதிக்கலேன்னா நமக்குத் தெரியாது. அவ்ளோதான்."

"பை படம் பேப்பர்ல வந்துதேடா."

"பேப்பர்ல ஆயிரம் வரும். உங்க பையையா வந்து பாத்தான்?"

அந்தக் கல்லை வெட்டி விற்றவர்களும் இந்தப் பாடத்தைத்தானே படித்திருந்தார்கள்! கேட்காதே, பார்க்காதே, கேட்டால் தெரியாது என்று சொல். ஆயிரக்கணக்கான பரண்களை நிரப்பியது கல் மட்டுமல்ல, இந்தப் பாடமும்தான்.

சனிக்கிழமை வீடு பார்க்க வந்தவர்கள் பிரெண்டும் கெய்லாவும். கெய்லாவின் இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. கொட்டகைக்குள் நின்று கெய்லா மேலே பார்த்தாள்.

"பிரெண்ட், இந்தப் பரணத் தெறந்து பலகை போட்டா, இவ வெளையாடறதுக்கு ஒரு ரூம் கெடச்சிடும்!"

"தாராளமா!" என்றான் டேல்.

"தெறக்காதீங்கம்மா," என்றார் ஆர்விட். எல்லாவற்றையும் சொன்னார். கடை, பை, செய்தித்தாள், ஆணி. கெய்லா குழந்தையை அணைத்துக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தாள்.

"எப்பலேருந்து உங்களுக்குத் தெரியும்?"

"பதினொரு வருஷமா."

"உங்க வீட்டம்மாவுக்கு?"

"சொல்லல."

அவர்களுடைய கார் திரும்பிப் போனது. டேல் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான்.

"சட்டப்படி நீங்க சொல்லவே வேண்டியதில்ல மாமா!"

"உன் அத்தைக்கும் சட்டப்படி சொல்ல வேண்டியதில்லதான்."

வீடு விற்கவில்லை. சோதனைக்காரர் வந்தார், முடிவு ஆர்விட் பயந்தபடியே வந்தது. பரண் கதவில் எச்சரிக்கை ஒட்டி, அந்த வீட்டிலேயே அவர் தனியாக இருக்கிறார். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடிந்ததை, நாற்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவளிடம் ஏன் சொல்லவில்லை என்று தினமும் தன்னையே கேட்டுக்கொள்கிறார்.

உங்கள் கூரையிலோ சுவரிலோ சந்தேகப்படும்படி ஏதாவது இருந்தால் துடைப்பத்தோடு ஏறாதீர்கள். சோதிக்கச் சொல்லுங்கள். வரும் முடிவை, முதலில் உங்களோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.